இருப்புப்பாதைக்குக் கிழக்கே

சிதம்பரம் ரயில் நிலையத்தில் இறங்கி வெளியே வரும் யாத்திரிகன் மேற்கே திரும்பினானாகில், வானத்தில் எழுந்து நிற்கும் நான்கு கோபுரங்களை நோக்கி அவன் கால்கள் தாமே நடக்கும். கிழக்கே திரும்பினானாகில், இருப்புப்பாதையைக் கடந்து, மரநிழல் படிந்த நேர்ச்சாலை ஒன்றின் வழியாக, நூறு வயதை நெருங்கிக்கொண்டிருக்கும் வித்தியாநகரம் ஒன்றினுள் புகுவான். அதற்கு அண்ணாமலைநகர் என்று பெயர். தனக்கென்று ஒரு தபால் நிலையமும், தனக்கென்று ஒரு பேரூராட்சியும் உடைய அந்த ஊர், ஊருக்காகப் பல்கலைக்கழகம் ஏற்பட்டது போலன்றிப் பல்கலைக்கழகத்துக்காகவே ஏற்பட்ட ஊர்.

நான் முதன்முறை அங்கே சென்ற அன்று ரயில்வே கேட் மூடியிருந்தது. மாயவரம் பக்கத்து வண்டி தாமதமாகவே, பாதையின் இருபுறமும் சைக்கிள்களும் மாட்டுவண்டிகளும் சேர்ந்து ஒரு சிறு சந்தை போல ஆகிவிட்டது. துணியுறையில் வீணையைச் சுமந்த ஓர் இளைஞர். குடையை ஊன்றிக்கொண்டு நின்ற பேராசிரியர் ஒருவர். கிள்ளைப் பக்கத்திலிருந்து கூடையோடு வந்த ஒரு மீன்காரம்மாள். "வாத்தியாரே, இன்னிக்கு மடவை நல்லா வந்திருக்கு, அம்மாகிட்ட குடுத்துட்டுப் போகட்டுமா?" என்று அந்த அம்மாள் கேட்க, பேராசிரியர் விலையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், "ஏறுதண்ணியிலே பிடிச்சதா, எறங்குதண்ணியிலேயா?" என்று வினவினார். அந்த அம்மாளும் அதை விசித்திரமான வினாவாகக் கருதாமல் நிதானமாக விடை சொன்னார். வண்டி வந்தது, கேட் திறந்தது, அவரவர் வழியே போனார்கள். அந்தப் பேராசிரியர் விலங்கியல் துறையைச் சேர்ந்தவர் என்று பிறகு அறிந்தேன். பல்கலைக்கழகம் என்னும் ஸ்தாபனம் எதற்காக ஓர் ஊரில் குடியிருக்க வேண்டும் என்று யாரேனும் என்னைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூடிய கேட்தான் நினைவுக்கு வருகிறது.

இந்த வினா அவ்வளவு எளியதன்று. 1857இல் தோன்றிய சென்னைச் சர்வகலாசாலை, நெடுங்காலம் பெரும்பாலும் பரீட்சை நடத்திப் பட்டம் வழங்குவதையே தன் பிரதான காரியமாகக் கொண்டிருந்தது. கும்பகோணத்தில் படித்தவனும் திருநெல்வேலியில் படித்தவனும் ஒரே வினாத்தாளில் சந்தித்தார்களேயன்றி ஒரே மரத்தடியில் சந்தித்ததில்லை. இந்த முறையின் குறைகளை ஆராய்ந்து, மைக்கேல் ஸாட்லரின் தலைமையில் 1917 முதல் 1919 வரை நடைபெற்ற கல்கத்தா சர்வகலாசாலைக் கமிஷன், ஆசிரியரும் மாணவரும் ஒரே இடத்தில் தங்கிக் கற்பித்தலும் கற்றலும் ஆராய்தலும் நிகழ்கின்ற சர்வகலாசாலைகளே இனி வேண்டும் என்ற அபிப்பிராயத்தை வெளியிட்டது. அந்தக் காற்று டாக்காவிலும் லக்னோவிலும் வீசிய அதே காலத்தில், 1881இல் கானாடுகாத்தானில் பிறந்த அண்ணாமலை செட்டியார், 1920இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். பின்னர் தமிழுக்கும் வடமொழிக்கும் இசைக்கும் தனித்தனியே அவர் எழுப்பிய கலாசாலைகள் யாவும் ஒன்றாக இணைந்து, 1928ஆம் ஆண்டின் அண்ணாமலைப் பல்கலைக்கழகச் சட்டத்தின்படி 1929இல் ஒரு சர்வகலாசாலையாக உருப்பெற்றன. (சர்வகலாசாலை என்ற சொல்லை இன்று எவரும் சொல்வதில்லை, பல்கலைக்கழகம் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு தலைமுறைக்கு மேலாகிறது. அந்த மாற்றத்தை நிகழ்த்திய தமிழாசிரியர்களிலும் மாணவர்களிலும் பலர் இந்த வளாகத்தில் நடமாடியவர்களே என்பதால், பழைய சொல்லை இங்கே பிரயோகிக்கும்போது எனக்குச் சற்றே கூச்சமாக இருக்கிறது.)

சென்னையை விட்டு, தம் சொந்த நாடாகிய செட்டிநாட்டையும் விட்டு, அண்ணாமலை செட்டியார் ஏன் சிதம்பரத்தைத் தேர்ந்தார் என்பதற்குச் சிவபக்தியைக் காரணமாகக் கூறுவோர் உண்டு. அது இருக்கட்டும். சிதம்பரமாகிய தில்லையின் கிழக்கெல்லையில், இன்றைய பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டியே, திருவேட்களம் என்னும் பாடல் பெற்ற தலம் ஒன்று இருக்கிறது. தில்லை எல்லைக்குள் இரவு தங்குவதற்கு அஞ்சிய திருஞானசம்பந்தர் அங்கே தங்கியிருந்து நாள்தோறும் நடராஜரைத் தரிசிக்க வந்துபோனார் என்பது ஐதீகம். மகத்தானதொன்றின் பக்கத்தில், அதனுள்ளே கரைந்துவிடாத தூரத்தில் குடியிருப்பது என்ற பழக்கம் அந்த மண்ணுக்குப் பழையது என்று மட்டும் சொல்லி மேலே செல்கிறேன்.

முதலில் தமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகமாவதற்கு முன்பே, 1924 முதல் 1927 வரை, மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராக உ. வே. சாமிநாதையர் இருந்தார். பல்கலைக்கழகம் ஏற்பட்ட பின் 1931இல் முதல் தமிழ்ப் பேராசிரியராக வந்தவர் ஈழநாட்டுக் காரைதீவைச் சேர்ந்த சுவாமி விபுலாநந்தர். அவருக்குப் பின் 1933இல் வந்தவர் தூத்துக்குடியில் வழக்கறிஞராக இருந்து வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கும் சுப்பிரமணிய பாரதிக்கும் தோழராக விளங்கிய நாவலர் சோமசுந்தர பாரதியார். ஆனால் இவர்களினும் என்னை வியப்பில் ஆழ்த்துபவர் பண்டிதமணி என்று போற்றப்பட்ட மகிபாலன்பட்டிக் கதிரேசச் செட்டியார். சிறுவயதில் இளம்பிள்ளைவாதத்தால் கால் பாதிக்கப்பட்டு, திண்ணைப் பள்ளியில் சில மாதங்களே பயின்று, எஞ்சிய கல்வி அனைத்தையும் தம் முயற்சியாலேயே ஈட்டிக்கொண்ட இந்தப் பெருமகன், தமிழோடு நில்லாமல் வடமொழியையும் கற்று, சூத்திரகனுடைய மிருச்சகடிகத்தை 'மண்ணியல் சிறுதேர்' என்று அழகாகப் பெயரிட்டுத் தமிழாக்கியவர். பட்டம் என்று ஒன்றும் இல்லாத ஒருவரைப் பட்டம் வழங்குவதற்கென்றே ஏற்பட்ட ஒரு ஸ்தாபனம் பேராசிரியர் ஆசனத்தில் அமர்த்தியது. பிற்பாடு 1942இல் அரசாங்கமே அவருக்கு மகாமகோபாத்தியாயர் என்ற விருதை அளித்தது. இன்றைக்கு ஒரு துணைப் பேராசிரியர் பதவிக்கான விளம்பரத்தைப் படித்துப் பாருங்கள். அதில் கேட்டிருக்கும் தகுதிகளில் ஒன்றாவது பண்டிதமணிக்கு இருந்திராது. தகுதியைக் காகிதத்தால் அளப்பது தவறென்று நான் கூற வரவில்லை. ஆளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து அறிகிற சிறியதொரு சமூகத்துக்குக் காகிதம் அவ்வளவு அவசியமாக இருக்கவில்லை என்பதே நான் கூற விரும்புவது.

விபுலாநந்தர் அங்கே இருந்தது சொற்ப காலமே. இராமகிருஷ்ண மடத்துத் துறவியாகிய அவர், மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதரும் லண்டன் சர்வகலாசாலையின் விஞ்ஞானப் பட்டதாரியும் ஆவார். ஆகையால் சிலப்பதிகாரத்தின் இசைப் பகுதிகளை மற்றவர்கள் சொல்லாராய்ச்சியால் அணுகியபோது, அவர் நரம்பின் நீளத்தையும் அதிர்வின் விகிதத்தையும் கொண்டு அணுகினார். 1936இல் இதே பல்கலைக்கழகத்தில் அவர் யாழைப் பற்றி நிகழ்த்திய சொற்பொழிவுகளும், அவற்றின் பின் தொடர்ந்த நெடிய உழைப்பும், 1947இல் 'யாழ்நூல்' என்ற பெருநூலாகப் பழுத்தன. அந்நூல் அரங்கேறிய சில வாரங்களிலேயே அவர் மறைந்தார். அவர் பேராசிரியராக இருந்த நாட்களில் மாலை வேளைகளில் திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று அங்குள்ள குழந்தைகளுக்குத் தொண்டு புரிந்துவந்தார் என்று அவருடைய சரித்திரத்தை எழுதியோர் குறிப்பிடுவர். இந்தச் செய்தியை வாசிக்கும்போது, இருப்புப்பாதைக்கு மேற்கே அதே சிதம்பரத்தில், சுவாமி சகஜானந்தர் 1916இல் தொடங்கிய நந்தனார் பள்ளியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கோயிலுக்குள் நுழைய நந்தனார் நெருப்பில் மூழ்க வேண்டியிருந்த ஊரில், கல்விக்குள் நுழைவதற்கான வாசலை ஒரு துறவி அரிசனச் சிறுவர்களுக்காகத் தனியே திறக்க வேண்டியிருந்தது. பல்கலைக்கழகத்தின் விசாலமான வாயில் அவர்களுக்குப் பழக்கப்பட்ட வழியாக ஆவதற்கு மேலும் பல காலம் பிடித்தது. சமூக வாழ்வு என்ற சொல்லை நாம் சந்தோஷத்தோடு உச்சரிக்கும்போது, சமூகத்தில் யார் யார் அடக்கம் என்பதையும் சேர்த்தே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தமிழும் இசையும் கோயிலூரில் செழிப்பது இயல்புதானே என்பீர்கள். கணிதம்? 1929 முதல் 1941 வரை இங்கே விரிவுரையாளராக இருந்த எஸ். எஸ். பிள்ளை என்னும் சிவசங்கரநாராயண பிள்ளையைப் பற்றித் தமிழ்நாட்டில் இராமானுஜத்தைப் பற்றிப் பேசுகிறவர்களில் பத்தில் ஒருவராவது கேள்விப்பட்டிருப்பாரா என்பது சந்தேகமே. குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901இல் பிறந்த அவர், எட்வர்டு வேரிங் என்ற ஆங்கிலேயர் 1770இல் எழுப்பிய ஒரு புதிரைக் கையிலெடுத்துக்கொண்டார். புதிர் குழந்தைக்கும் புரியக்கூடியது. 1, 64, 729 என்று ஒவ்வோர் எண்ணையும் ஆறு முறை அடுக்கிப் பெருக்கிய எண்களை நாணயங்கள் போலப் பாவித்து, எந்தத் தொகையையும் அந்த நாணயங்களாலேயே கொடுக்க வேண்டுமென்றால், அதிகபட்சம் எத்தனை நாணயங்கள் தேவைப்படும்? 703 என்ற தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். 729 பெரிதாகிவிடுகிறது, ஆகவே 64ஐப் பத்து முறை கொடுத்தால் 640, மீதி 63க்கும் ஒற்றை நாணயங்களே கதி. ஆக 73 நாணயங்கள். 703க்கு 73 வேண்டும் என்பதைப் பள்ளிச் சிறுவனும் கண்டுகொள்வான். ஆனால் முடிவில்லாது நீளும் எண்களுள் எந்த ஒன்றுக்கும் 73க்கு மேல் வேண்டியதில்லை என்று நிரூபிப்பதில்தான் உலகத்துக் கணித விற்பன்னர்கள் தடுக்கி விழுந்துகொண்டிருந்தார்கள். 1940இல் அதை நிரூபித்தவர் பிள்ளை. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, ஏழாம் அடுக்குக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்குமான விடையை, அமெரிக்காவில் டிக்ஸன் என்பவர் கண்ட அதே சமயத்தில் இவர் இங்கிருந்தே தனியாகக் கண்டிருந்தார். கொள்ளிடத்துக்கு வடகரையில், நெல்வயல்களுக்கு நடுவில், பல்கலைக்கழகத்தின் சொந்தச் சஞ்சிகையிலேயே தம் கட்டுரைகளை வெளியிட்டுவந்த ஒருவருடைய காரியம் இது. ஐந்தாம் அடுக்குக்கு விடை கிடைக்க 1964 வரையிலும், நான்காம் அடுக்குக்கு 1986 வரையிலும் உலகம் காத்திருக்க நேர்ந்தது என்றால் பிள்ளையின் சாதனையின் பிரமாணம் விளங்கும். பிரின்ஸ்டனுக்குச் செல்லும் வழியில், 1950 ஆகஸ்டு 31ஆம் தேதி, கெய்ரோ அருகே நிகழ்ந்த விமான விபத்தில் அவர் மாண்டார்.

சரித்திரத் துறைக்கு நான் நியாயம் செய்யப்போவதில்லை. நீலகண்ட சாஸ்திரியார் 1920களில் மீனாட்சி கல்லூரியின் முதல்வராக இருந்தவர் என்பதையும், கும்பகோணத்தில் நெடுங்காலம் பள்ளித் தமிழாசிரியராக இருந்துவிட்டு 1940களில் இங்கே வந்த தி. வை. சதாசிவ பண்டாரத்தார், கல்வெட்டுக்களை ஊர் ஊராகச் சென்று படித்து, 'பிற்காலச் சோழர் சரித்திரம்' என்ற நூலைத் தமிழிலேயே எழுதிப் பல்கலைக்கழகமே அதை வெளியிட்டது என்பதையும் மட்டும் குறிப்பிடுகிறேன். சரித்திர ஆராய்ச்சி என்றால் ஆங்கிலத்தில்தான் என்று எல்லோரும் தீர்மானித்துவிட்டிருந்த காலம் அது. கல்வெட்டு இருப்பது தமிழில், அதைச் செதுக்கியவன் தமிழன், அது நிற்கும் கோயிலின் குருக்களும் ஊராரும் தமிழர். அதைப் பற்றிய நூல் மாத்திரம் அவர்களுக்குப் புரியாத பாஷையில் இருப்பானேன் என்று கேட்பதற்கு ஒரு பள்ளி ஆசிரியர் வேண்டியிருந்தது.

இத்தனை பேரும் ஒரே சாலையில் நடந்தார்கள் என்பதுதான் விஷயம். மகாகனம் ஸ்ரீநிவாச சாஸ்திரியார் 1935 முதல் 1940 வரை துணைவேந்தராக இருந்த காலத்தில், மாலை உலாவிலே அவர் எதிர்ப்பட்டால் மாணவன் வேட்டியைத் தளர்த்தி ஒதுங்கி நிற்பானாம்; அவருடைய பெயரைத் தாங்கிய சாஸ்திரி ஹாலில் பின்னாளில் எத்தனை பிரசங்கங்களும் எத்தனை வாக்குவாதங்களும் நிகழ்ந்திருக்கும் என்று கணக்கிட இயலாது. விடுதிகளில் ஆந்திரத்து மாணவனும் மலையாளத்து மாணவனும் இலங்கை மாணவனும் ஒரே பந்தியில் அமர்ந்து, சிதம்பரத்துக்கே உரிய கத்தரிக்காய்க் கொத்சு தங்கள் ஊர்ப் பதார்த்தத்துக்கு ஈடாகுமா என்று சண்டையிட்டுக்கொண்டார்கள். (ஈடாகாது என்போருக்குச் சம்பா சாதத்தோடு அதைச் சேர்த்து உண்ணத் தெரியவில்லை என்பது என் கட்சி.) மெஸ்ஸில் தொடங்கிய விவாதம் அரசியலில் முடிவது அந்தக் காலத்து வழக்கம். பொதுவுடைமை இயக்கத்தின் கே. பாலதண்டாயுதமும் ஆர். உமாநாத்தும் இங்கே படித்தவர்கள். திராவிட இயக்கத்தின் இரா. நெடுஞ்செழியனும் க. அன்பழகனும் இங்கே தமிழ் பயின்றவர்கள். இத்தனை விரோதமான கொள்கைகளை ஒரே கூரையின் கீழ் முளைக்கவிட்டது பல்கலைக்கழகத்தாரின் பரந்த மனப்பான்மையா, அல்லது இளைஞர்களை ஒரே இடத்தில் தங்கவைத்தால் தவிர்க்க முடியாமல் விளைகிற விளைவா என்று எனக்குத் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை. நிர்வாகிகளைக் கேட்டிருந்தால் இரண்டாவதையே சொல்லியிருப்பார்கள் என்று ஊகிக்கிறேன்.

அந்தச் சூட்டுக்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. 1965 ஜனவரி 27ஆம் தேதி, இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியின்போது போலீஸார் சுட்டதில் இராசேந்திரன் என்ற மாணவர் இங்கே உயிரிழந்தார். அவருடைய சிலை அண்ணாமலைநகரில் நிற்கிறது.

இசையின் கதை இதைவிட நீண்டது, சச்சரவும் மிகுந்தது. 1941 ஆகஸ்டில் முதல் தமிழிசை மாநாடு இங்கேதான் கூடியது. கச்சேரி மேடைகளில் தெலுங்குக் கீர்த்தனைகளே கோலோச்சிய அந்நாளில், தமிழ்ப் பாட்டுக்கள் கச்சேரியின் கடைசியில் துக்கடாவாகத் தலைகாட்டிக்கொண்டிருந்ததை எதிர்த்து எழுந்த குரலுக்குச் சென்னைச் சங்கீத வட்டாரங்களில் பலத்த ஆட்சேபம் கிளம்பிற்று; சங்கீதத்துக்குப் பாஷை உண்டா என்ற பழைய தர்க்கம் பத்திரிகைகளின் பக்கங்களை மாதக்கணக்கில் நிரப்பியது. அந்தத் தர்க்கத்தில் பல்கலைக்கழகம் செய்த உருப்படியான காரியம், தமிழ்ப் பாடல்களைச் சேகரித்தும் புதிதாக இயற்றுவித்தும் சுரதாளக் குறிப்புடன் தொகுதி தொகுதியாக அச்சிட்டது என்பேன். ஏனெனில், 'பாடுவதற்குத் தமிழில் உருப்படி ஏது?' என்று கேட்ட வித்வானின் கையில் புத்தகத்தைக் கொடுத்துவிட்டால் அப்புறம் அவர் பேச்சை மாற்றித்தான் ஆகவேண்டும். டைகர் வரதாச்சாரியார் இங்கே இசைக்கல்லூரித் தலைவராக இருந்தவர். 1952இல் இசைத்துறைக்கு வந்தவர் எம். எம். தண்டபாணி தேசிகர், 1942இல் ஜெமினியாரின் படத்தில் நந்தனாராக நடித்துத் தமிழ்நாடு முழுவதையும் உருகவைத்தவர். திரையில் தில்லைக்குப் போக ஆண்டையிடம் விடை கேட்டுக் கெஞ்சியவர், பத்தாண்டு கழித்துத் தில்லைக்கே வந்து குடியேறி, மாணவர்களுக்குத் தேவாரப் பண்களைச் சொல்லிக்கொடுத்தார். இப்படியொரு பொருத்தத்தைக் கதையில் எழுதினால், செயற்கையாக இருக்கிறது என்று பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

யாழ்ப்பாணத்துக் கரம்பொனைச் சேர்ந்த கத்தோலிக்கக் குருவாகிய தனிநாயகம் அடிகள் 1945இல் மாணவராக இங்கே வந்து, முதுகலைப் பட்டமும் பின்னர் ஆராய்ச்சிப் பட்டமும் பெற்றார்; சங்கப் பாடல்களில் இயற்கை பெறும் இடத்தைப் பற்றி அவர் எழுதிய ஆராய்ச்சி நூல் அந்த நாட்களின் பயன். உலகத் தமிழாராய்ச்சி மன்றம் 1964இல் உருவானதற்குப் பின்னணியில் நின்ற முக்கிய மனிதர் அவர்தாம். தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் காலத்தில் வேரூன்றிய மொழியியல் துறை, 1960களில் உயராய்வு மையமாக உயர்ந்தபின், அங்கிருந்த இளைஞர்கள் ஒலிப்பதிவுக் கருவியையும் நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு நீலகிரிக்கும் குடகுக்கும் சென்று, தோடர் மொழிக்கும் குடகு மொழிக்கும் இருளர் மொழிக்கும் இலக்கண நூல்கள் எழுதிவந்தார்கள். தொல்காப்பியத்தை மனனம் செய்வதில் தலைசிறந்த ஊரிலிருந்து, எழுத்தே இல்லாத மொழிகளுக்கும் இலக்கணம் உண்டு என்று கண்டு எழுதப் புறப்பட்டது எனக்கு மிகவும் பிடித்த காரியங்களுள் ஒன்று.

வாசலில் இறங்கி நடந்தாலே ஆராய்ச்சிப் பொருள் அகப்படும் என்பதற்குப் பரங்கிப்பேட்டையைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் இல்லை. வெள்ளாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தின் வடகரையில் உள்ள அந்த ஊர், போர்த்துகீசியருக்குப் போர்ட்டோ நோவோவாக இருந்து, 1781இல் ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட்டும் மோதிய களமாக மாறி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றையும் பெற்று, அதையும் இழந்து, மறுபடியும் மீன்பிடிப்போரின் ஊராகவே அமைந்துவிட்ட ஓரிடம். விலங்கியல் பேராசிரியர் ஆர். வி. சேஷையா 1950களில் அங்கே ஒரு கடல் உயிரியல் ஆய்வு நிலையத்தை உருவாக்கினார். முகத்துவாரம் என்பது விசித்திரமான பிரதேசம். ஏற்றத்தின்போது கடல் உள்ளே வந்து நீர் உப்பாகிறது. வற்றத்தின்போது ஆறு வெளியே தள்ளி நீர் நன்னீராகிறது. ஐப்பசி கார்த்திகை வெள்ளத்தில் முற்றிலும் மாறிப்போகிறது. சித்திரைக் கோடையில் கடலைவிடவும் உவர்ப்பேறுவதுண்டு. ஒரே நாளில் இரண்டு உலகங்களைச் சந்தித்தும் சாகாமல் வாழ்கிற பிராணிகள் எவை, அவை எப்படிச் சமாளிக்கின்றன, எந்த மாதத்தில் முட்டையிடுகின்றன, கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்கள் எப்போது பெருகுகின்றன என்பதை, ஆண்டுதோறும் மாதந்தோறும் அதே நீரில் வாளியை இறக்கி எடுத்துப் பார்த்தாலன்றி அறிய முடியாது. ஒரு வாரம் வந்து போகிற விஞ்ஞானியால் இது ஆகாது. அங்கேயே குடியிருக்கிறவனாலேதான் ஆகும். ரயில்வே கேட்டில் மீன்காரம்மாளிடம் கேட்கப்பட்ட வினாவின் பொருளும் இதுவே.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் பிச்சாவரத்துச் சதுப்புக் காடு ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் பரப்பில் கிடக்கிறது. சினிமா ரசிகர்களுக்கு அது 'இதயக்கனி'யின் காடு. பரங்கிப்பேட்டை ஆராய்ச்சியாளருக்குச் சுரபுன்னையும் வெண்கண்டலும் நிற்கும் திறந்தவெளிப் பரிசோதனைச்சாலை. முந்திய காலத்தில் வனத்துறை பகுதி பகுதியாக அடியோடு வெட்டி விற்றதில் நிலம் தாழ்ந்து குழிகளாகி, புகுந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி ஆவியாகி, உப்பு மிகுந்து, மரம் மீண்டும் முளைக்காத தரிசாகப் பல இடங்கள் மாறிவிட்டன. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஊராருடன் சேர்ந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி நீரை ஓடவிட்ட பிறகே காடு திரும்பியது.

2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி வந்தது. அதன்பின் பரங்கிப்பேட்டை ஆய்வாளர் கதிரேசனும் அவருடன் இராஜேந்திரன் என்ற மற்றொரு விஞ்ஞானியும் இந்தக் கரையிலுள்ள 18 மீனவர் குப்பங்களில் உயிர்ச்சேதத்தையும் பொருட்சேதத்தையும் கணக்கெடுத்து, கடலுக்கும் குடியிருப்புக்கும் நடுவே காடு இருந்த இடங்களில் சேதம் குறைந்தது என்று 2005இல் வெளியிட்ட கட்டுரை உலகெங்கும் பேசப்பட்டது. மறு ஆண்டே வேறு சிலர் அதே புள்ளிவிவரங்களைத் திரும்ப ஆராய்ந்து, தூரத்தையும் மேட்டையும் கழித்துவிட்டால் காட்டின் பங்கு தனித்து நிரூபணமாகவில்லை, காடு இருந்த குப்பங்கள் பொதுவாகக் கடலிலிருந்து தள்ளி உயரத்தில் இருந்தவையே என்று ஆட்சேபித்தார்கள். இந்த மறுப்பை நம்மவர் பலர் அவமதிப்பாகக் கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குப்பத்து மக்கள் வீடிழந்து நின்ற மணலில் நின்று எடுத்த கணக்கு உலகத்தின் மறுகரையில் ஒருவனை உட்கார்ந்து மறுபடியும் கூட்டிப் பார்க்கவைத்தது என்றால், அதைவிட ஓர் ஆராய்ச்சிக்கு வேறென்ன மரியாதை வேண்டும்?

இவ்வளவும் சொன்னபின் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கூடிவாழ்தலையே தத்துவமாகக் கொண்டு பிறந்த இந்தப் பல்கலைக்கழகம், 1979இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கி, இருப்புப்பாதையை ஒரு நாளும் கடந்திராதவர்களுக்கெல்லாம் பட்டம் அளிப்பதாலேயே பிற்பாடு தமிழ்நாட்டுக் கிராமங்களில் பிரசித்தி பெற்றது. பகலெல்லாம் பாத்திரக் கடையில் வேலை பார்த்துவிட்டு இரவில் தபாலில் வந்த பாடத்தைப் படித்து ஆசிரியரானவர்களை நான் அறிவேன். அவர்களைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் செலவும் ஆட்பெருக்கமும் வரவை மிஞ்சிக்கொண்டே போய், நிதி நெருக்கடி முற்றி, ஊழியர்கள் தெருவில் இறங்கிய பின், 2013இல் மாநில அரசு தனிச்சட்டம் இயற்றி நிர்வாகத்தை ஏற்றுக்கொண்டது. மிகுதியாக இருந்த ஆசிரியர்களும் அலுவலர்களும் தமிழ்நாடெங்கும் உள்ள அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். தலைமுறை தலைமுறையாக ஒரே சாலையில் நடந்து பழகியவர்கள் திசைக்கொருவராகப் பிரிந்தபோது, ஏட்டில் எழுதப்படாத எவ்வளவோ விஷயங்கள் அவர்களோடு ஊரை விட்டுப் போயின.

சென்ற முறை நான் சிதம்பரம் போனபோது கோயிலுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போய்விட்டுக் கடைசியில் பிச்சாவரத்துக்குப் போனேன். தில்லை என்ற பெயரை ஊருக்கு அளித்த தில்லைமரம் இன்று ஊருக்குள் தேடினாலும் கிடைப்பதில்லை. அது சதுப்பு நிலத்து மரம். வளாகத்து ஆய்வாளர்கள் பட்டியலிட்டு வைத்திருக்கும் தாவரங்களில் ஒன்றாக, உப்பங்கழியோரம் நிற்கிறது. வற்றம் தொடங்கியிருந்தது, துடுப்புப் படகு வேர்களுக்கிடையே மெல்லப் போயிற்று. சிவந்த முதிரிலைகள் சில கலந்திருந்த ஒரு கிளை தலைக்கருகே தாழ்ந்து வந்தது. தலவிருட்சத்தைத் தொட்டுப் பார்க்கலாமே என்று கையை நீட்டினேன். படகோட்டி துடுப்பை நிறுத்தாமலே, "கையை உள்ளே வெச்சுக்குங்க ஐயா, அது தில்லை. பால் தெறிச்சா கண்ணு போயிடும்" என்றார்.